தெரு ஏன் சுவரில் போய் முடிகிறது? சென்னைப் புறநகரும் தெரு இணைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனைப்பிரிவு வரைபடம் வரைவது என் தொழில். மனை வாங்க வருகிறவர்கள், வீடு கட்டிக் குடியேறிய பிறகு வருகிறவர்கள், நலச்சங்கக்காரர்கள் என்று யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையின் தெற்குப் புறநகர். நான் அன்றாடம் பார்க்கிற நிலம் அதுதான்.

தெரு இணைப்புன்னா என்ன சார்? ரோடு போட்டிருந்தாலே இணைஞ்சதுதானே?

தார் போட்டிருப்பது வேறு, இணைந்திருப்பது வேறு. உங்கள் தெருவின் இரண்டு முனைகளும் வேறு வேறு தெருக்களில் போய்ச் சேர்ந்தால் அது இணைந்த தெரு. ஒரு முனை மெயின் ரோட்டிலும் மறுமுனை காம்பவுண்ட் சுவரிலும் முடிந்தால், எவ்வளவு வழவழப்பான சிமென்ட் ரோடாக இருந்தாலும் அது முட்டுச்சந்துதான்.

ஒரு பகுதியின் தெருக்களை மேலிருந்து பார்த்தால் ஒன்று வலை மாதிரி இருக்கும், இல்லையென்றால் மரம் மாதிரி இருக்கும். வலையில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பல வழிகள். மரத்தில் ஒரே வழி: கிளையிலிருந்து இறங்கி, அடிமரத்துக்கு வந்து, வேறு கிளையில் ஏற வேண்டும். கீழே வரும் பதில்கள் பலவற்றில் இந்த வலையும் மரமும் திரும்ப வரும்.

இதை அளக்க முடியுமா, இல்ல சும்மா பார்த்துச் சொல்றதுதானா?

அளக்கலாம். எளிய அளவு, ஒரு சதுர கிலோமீட்டருக்குள் எத்தனை தெருச்சந்திப்புகள் என்பது. 100 மீட்டருக்கு ஒரு தெரு என்று குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் ஏறக்குறைய 100 சந்திப்புகளும் 20 கிலோமீட்டர் தெருவும் வரும். அதையே 200 மீட்டருக்கு ஒன்றாக்கினால் தெரு நீளம் பாதியாகி 10 கிலோமீட்டர் ஆகும். சந்திப்புகளோ கால்பங்காகி 25தான் மிஞ்சும். நகரங்களுக்கான ஐ.நா. அமைப்பு சொல்லும் அளவு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 18 கிலோமீட்டர் தெரு, மொத்த நிலத்தில் 30 சதவீதம் தெருவுக்கு.

இரண்டாவது அளவு சுற்று. பேருந்து நிறுத்தம் நேர்கோட்டில் 150 மீட்டரில் இருக்கிறது, நடந்து போனால் 900 மீட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சுற்று ஆறு மடங்கு. சீரான கட்டத்தெருக்களில் மிக மோசமான மூலையிலிருந்து போனாலும் இது 1.41 மடங்கைத் தாண்டாது. மூன்றாவது, மொத்த முனைகளில் எத்தனை முட்டுச்சந்து, எத்தனை நாற்சந்தி என்ற விகிதம். இந்த மூன்றையும் பார்த்தால் ஒரு பகுதியின் ஜாதகம் தெரிந்துவிடும்.

ஊர் வளர்ந்தா பரவத்தானே செய்யும்? அதுல என்ன தப்பு?

பரவுவது தப்பில்லை. சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 2001ல் 43.4 லட்சம், 2011ல் 46.5 லட்சம். அதே பத்தாண்டில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 28.8 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 40 லட்சத்துக்குப் போனது. மக்கள் போன இடம் எது என்பது இதிலேயே தெரிகிறது. மாநகராட்சி எல்லை 2011ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் பெருநகர எல்லை 2022ல் 1,189லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அறிவிக்கப்பட்டது.

சிக்கல், எப்படிப் பரவுகிறது என்பதில். அமெரிக்காவில் பரவல் என்றால் பெரிய புல்தரை வைத்த வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பது. நம் பரவல் அப்படியல்ல. இங்கே வீடுகள் நெருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மனைப்பிரிவுக்கும் அடுத்ததற்கும் வழி இருக்காது. நடுவே முதலீட்டுக்காக வாங்கிப் போட்ட காலிமனைகளில் சீமைக்கருவேலம் நிற்கும். நெருக்கமும் உண்டு, தூரமும் உண்டு. அமெரிக்கப் புறநகருக்காவது புல்தரை மிஞ்சியது.

சென்னையில பழைய ஏரியா எல்லாம் நல்லா இருக்கே, புதுசு மட்டும் ஏன் இப்படி?

பழைய இடங்களை ஒரே கை வரைந்தது. ஜார்ஜ் டவுனின் தெருக்கள் இன்றும் வடக்கு தெற்காக, கிழக்கு மேற்காக ஓடி ஒன்றையொன்று வெட்டுகின்றன. தியாகராய நகர், 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, பழைய ஏரி நிலத்தை வடித்து ஒரே திட்டமாகப் போடப்பட்டது. பனகல் பூங்காவிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் ஏதோ ஒரு தெரு உங்களை வெளியே கொண்டுபோய் விடும். 1968ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி வீட்டுவசதி வாரியம் எழுப்பிய அண்ணா நகரிலும் அப்படித்தான்: முதலில் தெரு, பிறகு மனை.

மடிப்பாக்கம், மேடவாக்கம், முடிச்சூர் பக்கம் கதை வேறு. அவை வயல்கள். பாகப்பிரிவினையில் நீளநீளமான துண்டுகளாகப் பிரிந்தவை. ஒரு புரமோட்டர் இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ வாங்குவார். நடுவே ஒரு ரோடு, இரு பக்கமும் மனை, ரோடு அவர் எல்லைக்கல்லில் முடியும். பக்கத்துத் துண்டை நாலு வருடம் கழித்து வேறொருவர் வாங்கி அதையே செய்வார். இரண்டு ரோடுகளும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் ஓடும். இடையே குறுக்குத் தெரு இருக்காது.

குறுக்குத் தெரு ஏன் வைப்பதில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நடு ரோட்டின் இரு பக்கமும் 40 அடி ஆழ மனைகள் என்றால், இரண்டு பக்கத்து எல்லையையும் தொடும்படி 30 அடிக் குறுக்குத் தெரு விட 2,400 சதுர அடி போகும். அதாவது முழுதாக ஒரு கிரவுண்டு, இரண்டு அரை கிரவுண்டு மனை. பக்கத்து நிலத்துக்காரருக்கு வழி கொடுக்க எந்த வியாபாரி இரண்டு மனையை விடுவார்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறுக்குத் தெரு வந்து முட்டுகிற இடத்தில் எதிர்மனை தெருக்குத்து ஆகிவிடும். பிள்ளையாரை வைத்தாலும் விலை ஏறாது. என்னிடம் 'குறுக்குத் தெருவை எடுத்துடுங்க' என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் சொல்லும் காரணம் இதுதான்.

அப்போ கட்டம் கட்டமா நேரா போடுறதுதான் நல்லதா? மதுரை அப்படி இல்லையே?

நல்ல கேள்வி. நேர்கோடு முக்கியமல்ல, வலைதான் முக்கியம். மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, அதற்கு வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் அடுக்கடுக்காகச் சுற்றுகின்றன. குறுக்கே எண்ணற்ற சந்துகள் அவற்றை இணைக்கின்றன. கடைசிச் சுற்றான வெளி வீதிகள் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் வந்தவை. ஊரை அடைத்திருந்த சுவரையே தெருவாக்கியிருக்கிறார்கள். நாம் இப்போது தெருமுனையில் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறோம்.

மயிலாப்பூர் மாட வீதிகளும் ஸ்ரீரங்கத்து வீதிகளும் இதே வகைதான். கட்டம் போட்டு வரைந்த ஊர்கள் அல்ல, ஆனால் வலைகள்.

அப்ரூவ்டு லேஅவுட் வாங்கினா இந்தப் பிரச்சினை வராதுதானே?

பாதி வராது. டிடிசிபியோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) சிஎம்டிஏவோ அங்கீகாரம் தரும்போது உள்ளே இருக்கும் சாலையின் அகலம் பார்ப்பார்கள். 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு கேட்பார்கள். சாலைகளைத் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். இவை எல்லாமே உங்கள் எல்லைக்கு உள்ளே நடப்பவை. பக்கத்து மனைப்பிரிவின் சாலை எல்லைவரை வந்திருந்தால் அதைத் தொடரச் சொல்ல அவர்களால் முடியும், சொல்வதும் உண்டு. பக்கத்தில் இன்னும் நெல் விளைந்துகொண்டிருந்தால் எதைத் தொடர்வது?

இன்னொரு பெரிய கூட்டம் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று விற்கப்பட்ட மனைகள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. 2017ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கி வரன்முறை செய்தார்கள். வீடு கட்டியவர்களுக்கு நிம்மதி, அதில் மறுபேச்சில்லை. ஆனால் மனைகள் விற்றுப்போன மனைப்பிரிவுகளில் தெருக்கள் தரையில் எப்படி இருந்தனவோ அப்படியே ஏற்கப்பட்டன. முட்டுச்சந்தும் சேர்ந்து வரன்முறையானது.

முட்டுச்சந்துல வீடு இருந்தா அமைதி, பிள்ளைங்க விளையாடலாம், திருடன் பயம் இல்ல. அதை ஏன் குறை சொல்றீங்க?

அமைதி உண்மை. அதை மறுக்க மாட்டேன். அமெரிக்காவில் நியூஜெர்சியின் ராட்பர்னில் 1929ல் முட்டுச்சந்தை வேண்டுமென்றே வடிவமைத்தார்கள், காரிடமிருந்து குழந்தைகளைக் காப்பாற்றத்தான். ஆனால் அங்கே வீடுகளின் பின்பக்கம் நடைபாதை உண்டு. கார் போகாத இடத்தில் ஆள் போகலாம், பள்ளிக்கும் பூங்காவுக்கும் தெருவைக் கடக்காமலே நடக்கலாம். பின்னால் வந்தவர்கள் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள். நம் ஊர் முட்டுச்சந்தில் பின்பக்கம் இருப்பது அடுத்த லேஅவுட்டின் சுவர், மேலே கண்ணாடிச் சில்லு.

அமைதியின் விலை ஆபத்துக் காலத்தில் தெரியும். ஒரே வாய் உள்ள மனைப்பிரிவில் அந்த வாய் தாழ்வாக இருந்தால், மழைக்கு முதலில் மூழ்குவது அதுதான். உள்ளே மேட்டில் வீடு இருந்தும் வெளியே வர முடியாது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகில் மீட்க வேண்டியிருந்ததற்கு முதல் காரணம் அடையாற்று வெள்ளம்தான். ஆனால் வெள்ளம் வந்த பிறகு ஒரு வழியா இரண்டு வழியா என்பது உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது. தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் இதே கணக்கு.

கேட்டட் கம்யூனிட்டி ரோடு அவங்க சொந்த ரோடுதானே? அவங்க கேட் போட்டா நமக்கென்ன?

எல்லா இடத்திலும் சொந்த ரோடு அல்ல. அடுக்குமாடி வளாகத்துக்குள் இருக்கும் உள்பாதை சொந்தம். தனி வீடுகளும் மனைகளுமாக அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால், அப்ரூவ்டு லேஅவுட் கேள்விக்கான பதிலில் சொன்ன தானப்பத்திரம் அங்கே இருக்கும். எழுதிக் கொடுத்த பிறகு அது ஊருக்குச் சொந்தமான சாலை. வாசலில் செக்யூரிட்டி நின்று 'யாரைப் பார்க்கணும்' என்று கேட்டாலும் அந்த உரிமை மாறாது.

மெயின் ரோட்டை அகலப்படுத்தி மேம்பாலம் கட்டினா எல்லாம் தீராதா?

அடிமரத்தைப் பருக்கவைப்பதுதான் அது. கிளைகள் ஒன்றோடொன்று சேராதவரை, பால் வாங்கப் போகிறவரும் விமான நிலையத்துக்குப் போகிறவரும் ஒரே ரோட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜிஎஸ்டி ரோட்டில் ஓடும் வண்டிகள் எல்லாம் செங்கல்பட்டுக்கா போகின்றன? பாதி, அடுத்த நகருக்குப் போக வேறு வழியில்லாமல் வந்தவை. இது கணக்கெடுத்த பாதி அல்ல, எரிச்சலில் சொன்ன பாதி.

இதற்குச் சிறந்த பாடம் ஓஎம்ஆரும் (பழைய மாமல்லபுரம் சாலை) ஈசிஆரும் (கிழக்குக் கடற்கரைச் சாலை). இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வடக்கு தெற்காக ஓடுகின்றன, நடுவே பக்கிங்காம் கால்வாய். ஆனால் திருவான்மியூரைத் தாண்டிவிட்டால், கார் பேருந்து எல்லாம் தாராளமாகக் கடக்க சோழிங்கநல்லூர் – அக்கரை இணைப்புச் சாலைக்கு வர வேண்டும். அதை விட்டால் பல கிலோமீட்டர் தள்ளி கேளம்பாக்கம் – கோவளம் சாலை. ஓஎம்ஆரில் ஆறு வழிச்சாலை போட்டார்கள். கால்வாய்க்கு மேலே சின்னச் சின்னப் பாலங்கள் அதே வேகத்தில் வரவில்லை. எதிர்க்கரையில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போக இரண்டு பெரிய சாலைகளிலும் நெரிசலில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

மெட்ரோவுக்கும் இதேதான். நிலையம் எத்தனை வீட்டுக்குப் பயன்படும் என்பதை ரயில் தீர்மானிப்பதில்லை. பத்து நிமிட நடையில் எவ்வளவு தூரம் நேராகப் போக முடிகிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

தெருவைத் திறந்துவிட்டா ஊர் வண்டி எல்லாம் எங்க தெருவுல வந்துடுமே?

வரும். முதலில் திறக்கும் தெருவுக்கு அந்தத் தொல்லை உண்டு, ஏனென்றால் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் வழி. பத்துத் தெரு திறந்தால் பத்தாகப் பிரியும். ஆனால் முதல் தெருக்காரர் பத்தாவது தெரு திறக்கும்வரை காத்திருக்க மாட்டார். அதனால்தான் பல நலச்சங்கங்களில் இந்தப் பேச்சு முதல் கூட்டத்தோடு நின்றுவிடுகிறது.

இதற்கு இடைவழி இருக்கிறது. ஆளுக்கும் சைக்கிளுக்கும் திறந்து, காருக்கு மட்டும் மூடுவது. பார்சிலோனாவில் 1859ல் செர்டா என்ற பொறியாளர் வரைந்த விரிவாக்கப் பகுதி 113 மீட்டர் கட்டங்களால் ஆன வலை. அங்கே 2016ல் ஒன்பது கட்டங்களைச் சேர்த்து, உள்தெருக்களில் குறுக்கே புகுந்து போகும் கார்களைத் தடுக்கும் முயற்சி தொடங்கியது. 'அவங்களே தெருவை மூடுறாங்களே' என்று இதை எனக்கு எதிராகக் காட்டுவார்கள். அவர்கள் மூடுவது காருக்கு. நடப்பவருக்கு ஒரு தெருகூட மூடவில்லை. சுவரில் இரண்டு கம்பம் நட்டு ஆறடி வாசல் விட்டாலே நம் ஊரில் பாதிச் சுற்று குறையும்.

குறுக்கே ஏரியோ வாய்க்காலோ இருந்தா என்ன பண்றது? தூர்த்து ரோடு போடலாமா?

கூடாது. தி.நகரின் ஏரியை வடித்த காலம் வேறு. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மழைக்காலத்தில் என்ன ஆகின்றன என்று பார்த்த பிறகும் இந்தக் கேள்வி வருவதுதான் ஆச்சரியம். வாய்க்காலுக்கு மேலே தண்ணீர் தடையில்லாமல் போகும் உயரத்தில் நடைபாலம் போடலாம். ஏரிக்கரையில் நடைபாதை விடலாம். வலை சில இடங்களில் விட்டுப்போனால் பரவாயில்லை.

உலகம் பூரா இப்படித்தானா, நாம மட்டுமா?

நாம் மட்டும் அல்ல. கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லர்ட்-பால் என்ற இருவர் 2015ல் அமெரிக்கத் தெருக்களையும், 2020ல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தை வைத்து உலகத் தெருக்களையும் அளந்து எழுதினார்கள். அமெரிக்காவில் 1990களின் நடுவில் புதுத்தெருக்களின் துண்டிப்பு உச்சம் தொட்டுப் பிறகு குறையத் தொடங்கியிருக்கிறது. உலகின் பெரும்பகுதியில் அது கூடிக்கொண்டே போகிறது. தென்கிழக்கு ஆசியாவில் மிக மோசம். ஜப்பான், தென் கொரியா, தென் அமெரிக்காவின் பெரும்பகுதி ஆகியவை வலையைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆக, ஊர் பெரிதானால் தெரு துண்டாகியே தீரும் என்பது விதி அல்ல. டோக்கியோ என்ன சின்ன ஊரா?

இப்போ வீடு வரட்டும், தெருவை அப்புறம் சரி பண்ணிக்கலாம்ல?

வீட்டை அப்புறம் சரி செய்யலாம். தெருவை முடியாது. 1666ல் லண்டன் எரிந்தபோது புதுத் தெருக்களுக்குக் கட்டடக்கலைஞர் ரென் வரைபடம் கொடுத்தார். ஊர் பெரும்பாலும் பழைய தெருக்களிலேயே மறுபடி எழுந்தது. 1906ல் நிலநடுக்கமும் தீயும் அழித்த சான் பிரான்சிஸ்கோவிலும் அப்படியே. தி.நகர் பங்களாக்கள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன, தெருக்கள் போட்ட இடத்தில்தான் இருக்கின்றன. தெருவின் இரு பக்கமும் ஆளுக்கொரு பத்திரம் இருக்கும்போது அதை நகர்த்த யாராலும் முடிவதில்லை.

மனை விற்கும் முன்பு செய்ய ஒரு வழி உண்டு, குஜராத்காரர்கள் அதில் கெட்டிக்காரர்கள். ஒரு பகுதியின் வயல்களை எல்லாம் மொத்தமாகச் சேர்த்து, முதலில் தெருவையும் பூங்காவையும் வரைந்து, மிச்ச நிலத்தைச் சீரான மனைகளாக அவரவரிடமே திருப்பித் தருவார்கள். பரப்பு குறையும், மதிப்பு கூடும், யாரும் ஊரை விட்டுப் போக வேண்டாம். அகமதாபாத்தின் 76 கிலோமீட்டர் சர்தார் படேல் வட்டச்சாலைக்குப் பெருமளவு நிலம் இப்படித்தான் கிடைத்தது. தமிழ்நாட்டிலும் 2018ல் இந்த நிலத்திரட்டு முறைக்குச் சட்டத்திருத்தம் வந்திருக்கிறது. 5,904 சதுர கிலோமீட்டரில் இன்னும் வயலாக இருக்கும் இடங்களுக்கு இதைச் செய்ய அவகாசம் இருக்கிறது. முடிச்சூருக்கு இல்லை.

மனை வாங்குறதுக்கு முன்னாடி இதுக்காக என்ன பார்க்கணும்?

மனையைப் பார்ப்பதற்கு முன் ரோடு எங்கே முடிகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். பிறகு கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவையும் காட்டும் புலப்படத்தையும் வாங்கி, பழைய வண்டிப்பாதை ஏதாவது அந்தப் பக்கம் போகிறதா என்று பாருங்கள். அரசு ஆவணத்தில் இருக்கும் வண்டிப்பாதை பொன் மாதிரி, பிற்காலத்தில் இணைப்புச் சாலை ஆக வாய்ப்புள்ளது அதுதான்.

புரோஷரில் புள்ளிக்கோடு போட்டு 'வரவிருக்கும் 60 அடி சாலை' என்று இருந்தால், அது அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது அச்சகத்தில் போட்ட ரோடு. ரோடு எல்லைக்கல்வரை தானமாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். முனையில் ஓரடி ஈரடித் துண்டைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, பின்னால் பக்கத்து நிலத்துக்காரரிடம் விலை பேசுகிற வழக்கமும் இருக்கிறது.

எங்க தெரு முனையில பக்கத்து லேஅவுட்காரங்க சுவர் கட்டிட்டாங்க. நாங்களே இடிச்சிடலாமா?

இடிக்காதீர்கள். சுவர் எந்த நிலத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. இரண்டு மனைப்பிரிவுகளின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடங்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தானப்பத்திர நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். சுவர், தானம் கொடுத்த சாலையின் மேல் நின்றால் அது ஆக்கிரமிப்பு. அகற்ற வேண்டியது உள்ளாட்சி. நகல்களோடு ஆணையருக்கோ ஊராட்சிக்கோ எழுத்தில் மனு கொடுங்கள், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன ஓரடித் துண்டில் நின்றால் அது தனியார் நிலம். உள்ளாட்சி அதைக் கையகப்படுத்தலாம், அல்லது இரு பக்கத்து நலச்சங்கங்களும் சேர்ந்து விலைக்கு வாங்கி உள்ளாட்சிக்கே தானமாக எழுதிக் கொடுக்கலாம். முழு ரோடு கேட்டால் பேச்சு இழுக்கும். ஆள் நடக்கவும் சைக்கிள் தள்ளவும் ஒரு வழி என்று ஆரம்பித்தால் எதிர்ப்பக்கமும் உட்கார்ந்து பேசும், ஏனென்றால் அவர்கள் பக்கத்திலும் பேருந்து நிறுத்தத்துக்குச் சுற்றிப் போகிறவர்கள் இருப்பார்கள்.